இரண்டு விரல் இடைவெளி

கொட்டாஞ்சேனை,
27 மே 1946

மதிப்புக்குரிய மிஸ் பிறிஜெற் சவுந்தரநாயகம் அவர்களுக்கு,

இது வேலை விஷயமாக எழுதும் கடிதம். வேறு ஒன்றும் இல்லை. ஆகவே தாங்கள் கிழித்துப் போடாமல் கடைசிவரை வாசிக்கலாம்.

தாங்கள் கிளாக்கராக இருக்கும் வெள்ளவத்தைப் படைக் களஞ்சியத்தை மூடப்போகிறார்கள், சாமான்களைக் கொந்திராத்துக்காரருக்கு விற்கிறார்கள் என்று கேள்வி. நாம் இருவரும் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் தாங்கள் ஒன்று சொல்லிச் சிரித்தீர்கள். பனி விழும் நாட்டுக்குப் போகவேண்டிய டயர்ச் சங்கிலிகள் வழிதவறிப் பெட்டி பெட்டியாகக் கொழும்பில் வந்து இறங்கின, ஒருவரும் கேட்காத அந்தச் சாமானை மூன்று வருஷமாக மாதாமாதம் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றீர்கள். இப்போது ஒருவன் கேட்கிறான். அது நான்தான்.

பதினைந்தாம் தேதியிலிருந்து நான் துறைமுகத்தில் இல்லை. ஹமீட் முதலாளியிடம் லோடர் ஓட்டுகிறேன். படைக்காரர் விட்டுப்போன இயந்திரம். முன்னால் ஒரு பெரிய இரும்பு வாளி. ஆற்று மணலை அள்ளி லொறியில் கொட்டவேண்டும், லொறி அதை ஒருகொடவத்தைக்குக் கொண்டுபோய்ப் பள்ளக்காணியை மேடாக்கும். முதல் வாரம் அருமையாக ஓடியது. பிறகு மழை தொடங்கியது. பேலியகொடை ஆற்றங்கரை எப்படிப்பட்ட இடம் என்று வெள்ளவத்தைக் கடற்காற்று வாங்குபவர்களுக்குத் தெரியாது. வாளி நிறைய மணலைத் தூக்கியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை என் முகத்தில் அடிக்கிறது. வண்டி ஓர் அங்குலம் நகராது.

முதலாளி நேற்று வந்து குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தார். "தம்பி, இது மெசினா, இல்லாட்டி சேத்துல படுத்தீக்கிற எருமையா?" என்று கேட்டார். "ஜூன் முடியிற வரைக்கும் பாக்கிறன். ஓடினா நீங்க எனக்கு நிரந்தர டிரைவர். ஓடாட்டி இத வித்துட்டு நான் மாட்டுவண்டிக்கே போறன். பொறகு நீங்களும் வேற எடம் பாத்துக்கோங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

எனவே எந்தச் சங்கிலி வேண்டும், எந்தச் சக்கரத்துக்கு, எப்படி மாட்டுவது என்று எழுதவும். இயந்திரத்தின் இலக்கத்தைத் தகட்டிலிருந்து பார்த்துத் தனித்தாளில் குறித்து இத்துடன் வைத்திருக்கிறேன். முன்சக்கரம் இரண்டும் பெரிசு, பின்சக்கரம் சின்னது. வண்டி பின்னால்தான் திரும்பும்.

துறைமுகத்தை ஏன் விட்டேன் என்று தயவுசெய்து கேட்கவேண்டாம்.

இங்ஙனம்,
கிளறன்ஸ் குரூஸ்


வெள்ளவத்தை,
29 மே 1946

மிஸ்டர் குரூஸ்,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. அரசாங்கத் தாளில் எழுதாததால் கோப்பில் போடவும் முடியவில்லை.

துறைமுகத்தை ஏன் விட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சங்கிலி இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று ஏணி மாதிரி: டயரின் இரண்டு பக்கமும் இரண்டு நீளச் சங்கிலி, நடுவில் குறுக்குக் குறுக்காகத் துண்டுகள். நேராக இழுத்துக்கொண்டு போகிற லொறிக்கு அது போதும். சரிவில் திரும்பினால் பக்கவாட்டில் வழுக்கிவிடும் என்று புத்தகம் சொல்கிறது. மற்றது மீன்வலை மாதிரிச் சாய்சதுரமாகப் பின்னியது. எந்தப் பக்கம் போனாலும் பிடிக்கும். உங்கள் லோடர் ஆற்றங்கரைச் சரிவில் முன்னும் பின்னுமாகத் திரும்பிக்கொண்டே இருக்கிற சாமான். அதற்கு வலைச் சங்கிலிதான் சரி. கொஞ்சம் பாரம் கூட. உங்கள் கைக்கு அது பாரமில்லை.

எஞ்சின் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறதோ அதற்குத்தான் சங்கிலி. உங்கள் இலக்கத்தை ஏட்டில் பார்த்தேன். முன்சக்கரம். வாளியின் பாரமும் அங்கேதான் விழுகிறது, நல்லது. அந்த இலக்கத்துக்கு உரிய சோடியை எடுத்து வைத்திருக்கிறேன். முதலாளியின் கடிதத்தோடு ஆளை அனுப்பவும்.

வேலை விஷயம் முடிந்தது. இனி எழுதுவது வேலை விஷயம் இல்லை. வாசிக்க விருப்பம் இல்லாவிட்டால் இங்கேயே மடித்து வைக்கலாம்.

கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய நம்முடைய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு சுவாமியார் வாசிக்கவில்லை. அப்பா போய் நிறுத்திவிட்டு வந்தார். "நிரந்தரமா ஒரு உத்தியோகம் கையில இருக்கட்டும், அதுக்குப் பிறகு மூண்டாவதை வாசிக்கலாம்" என்பது அவர் கட்டளை. பூசை முடிந்து வெளியே வந்தால், "மூண்டாவது எப்ப பிள்ளை?" என்று கேட்காத வாய் இல்லை. கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? சாப்பாட்டு மேசையில் என் அப்பாவை ஆறு விருந்தாளிகளுக்கு முன்னால் தலைகுனிய வைத்துவிட்டு, வட்டலப்பத்தைத் தொடாமல் எழுந்து போனவர் நீங்கள். சொல்லித்தாருங்கள்.

பி. சவுந்தரநாயகம்


கொட்டாஞ்சேனை,
4 ஜூன் 1946

மிஸ் சவுந்தரநாயகம் அவர்களுக்கு,

கடைசிவரை வாசித்தேன். வேலை விஷயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் நான் நல்ல உசாராக இருக்கிறேன்.

தாங்கள் அனுப்பிய சங்கிலி வந்தது. அழகான சாமான். எண்ணெய்த் தாளில் சுற்றி, ஒரு துரு இல்லாமல். சேற்றில் விரித்து வண்டியை அதன்மேல் ஏற்றி, இரண்டு முனையையும் இழுத்தால் ஒரு சாண் குறைகிறது! நானும் ஹியூபேட்டும் இழுக்காத இழுவை இல்லை. (ஹியூபேட் துறைமுகத்தில் என்னோடு கப்பல் மூட்டைகளுக்குச் சங்கிலி மாட்டுகிற வேலை செய்தவன். ஓய்வு நாளில் உதவிக்கு வருகிறான்.) ஏட்டிலே பார்த்தீர்களாம், இலக்கம் பார்த்தீர்களாம், எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருக்கிறது. சங்கிலிதான் எட்டவில்லை.

"மச்சான், உன்ட ஆள் உனக்குப் பழிவாங்கிறா" என்கிறான் ஹியூபேட். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். ஆனால் எனக்கும் ஒரு சந்தேகம்தான்.

இன்றைக்கு வண்டி நாள் முழுதும் படுத்திருந்தது. நாட்கள் போகின்றன. சரியானதை அனுப்பவும்.

கிளறன்ஸ் குரூஸ்

பி.கு: விருந்தில் நான் பொய் சொல்லவில்லையே. உம்முடைய அப்பாதான் "மாப்பிள்ளை ஹார்பர் இன்ஜினியர் ஒபிஸில்" என்றார். நான் சங்கிலி மாட்டுகிறவன் என்று சொன்னேன். அது குற்றமா?


வெள்ளவத்தை,
6 ஜூன் 1946

மிஸ்டர் குரூஸ்,

பிழை என்னுடையது. எழுதவே கை வரவில்லை, ஆனால் என்னுடையதுதான்.

உங்கள் கடிதம் வந்ததும் பழைய பதிவுகளைக் கிளறினேன். அந்த இயந்திரத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே வேறு டயர் போட்டிருக்கிறார்கள், முதலில் இருந்ததைவிடப் பெரிசு. நான் இயந்திரத்தின் இலக்கத்தைப் பார்த்துச் சங்கிலி எடுத்தேன். டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் இலக்கத்தை அல்லவா கேட்டிருக்கவேண்டும்! சங்கிலி கட்டப்போவது டயருக்கு, தகட்டுக்கு இல்லை. மூன்று வருஷம் எண்ணிய சாமானை எண்ண மட்டும்தான் எனக்குத் தெரிந்திருக்கிறது. பழிவாங்க நினைத்தால் வேறு வழி இல்லாமலா போகும் என்று ஹியூபேட்டிடம் சொல்லுங்கள்.

முதலாளியின் கிளாக்கரை அனுப்பி டயர் இலக்கத்தை எடுத்துவிட்டேன். சரியான சோடி நாளைக்கு வரும்.

மாட்டும் முறையைப் புத்தகத்திலிருந்து எழுதுகிறேன். நானும் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை, படம்தான். படத்தில் முழங்கால்வரை பனி, தடித்த அங்கி போட்ட ஒருவன் குனிந்து நிற்கிறான், வாயிலிருந்து புகை வருகிறது. சுருட்டு என்று நினைத்தேன். குளிரினாலாம்.

சங்கிலியை முறுக்கு இல்லாமல் சக்கரத்துக்கு முன்னால் விரிக்கவேண்டும். கொளுக்கிகளின் வாய் வெளிப்புறம் பார்க்கட்டும், உட்புறம் பார்த்தால் ரப்பரைக் கிழிக்கும். வண்டியை மெல்ல அதன்மேல் ஏற்றி நிறுத்துங்கள். முதலில் உள்பக்கம் கொளுவவேண்டும், பிறகு வெளிப்பக்கம். ஐம்பது யார் தூரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி சரிபார்க்கவேண்டும். தார் ரோட்டில் ஏறுமுன் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ரோட்டு ஓவசியர் உங்களை விடமாட்டார்.

மிக முக்கியமானது இது, கீழே கோடு போட்டிருக்கிறார்கள்: சங்கிலியை இறுக்கக்கூடாது. ரப்பருக்கும் சங்கிலிக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி இருக்கவேண்டும். அதற்குமேல் தொங்கவும் கூடாது.

குற்றமா என்று கேட்டீர்கள். சொன்னது குற்றமில்லை. சொன்ன விதம்! "இன்ஜினியர் என் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார், அங்கிள்" என்று கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னீர்களே, அப்பாவின் சுங்க இலாகாக் கூட்டாளிகள் எல்லாரும் சிரித்தார்களே, அதைச் சொல்கிறேன். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை.

பி. சவுந்தரநாயகம்


கொட்டாஞ்சேனை,
15 ஜூன் 1946

மிஸ் சவுந்தரநாயகம்,

நல்லதையும் கெட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சோடி சரியாகப் பொருந்தியது. திங்கட்கிழமை மாட்டினோம். கர்த்தரே, என்ன பிடி! வாளி நிறைய மணலோடு அந்தச் சரிவில் ஏறினேன். ஆற்றங்கரையில் நின்ற ஆட்களெல்லாம் கைதட்டினார்கள். ஹியூபேட் தொப்பியைக் கழற்றி வீசினான், அது ஆற்றில் போயே போய்விட்டது. செவ்வாயும் ஓடினேன். இரண்டு நாளில் அறுபது லொறி. முதலாளி புரியாணிச் சாப்பாடு அனுப்பினார்.

புதன்கிழமை மத்தியானம் இடது பக்கச் சங்கிலியில் ஒரு துண்டு அறுந்து மட்கார்டைக் கிழித்தது. கழற்றிப் பார்த்தால் டயர் முழுக்க வெட்டு. கத்தியால் வரிந்த மாதிரி, சங்கிலி கிடந்த கிடையிலேயே, ஒரே இடத்தில், ஆழமாக. வலதும் அப்படித்தான், கொஞ்சம் குறைவு. இருந்தது ஒரே ஒரு மேலதிக டயர், அதையும் போட்டாயிற்று. இனி ஒன்று போனால் வண்டி போச்சு. முதலாளி இந்தமுறை எருமை என்று சொல்லவில்லை, ஜூன் முடிய எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார். அது இன்னும் பயமாக இருக்கிறது.

நீர் எழுதியபடிதான் எல்லாம் செய்தேன். கொளுக்கி வெளியே பார்க்க, உள்பக்கம் முதலில், ஐம்பது யார். ஆகவே புத்தகம் பனிக்குத்தான் சரி, நம்முடைய சேற்றுக்குச் சரியில்லை என்று நினைக்கிறேன். உறைபனியும் களிமண்ணும் ஒன்றா? சொல்லும்.

வியாழக்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். பூசைக்குப் போனேன். உம்மையும் தேடினேன். வெள்ளவத்தையிலிருந்து வருஷாவருஷம் வருவீரே.

கிளறன்ஸ்


வெள்ளவத்தை,
17 ஜூன் 1946

கிளறன்ஸ்,

பொய்.

எல்லாம் நான் எழுதியபடி செய்தீர்களாம். கொளுக்கி சொன்னீர்கள், உள்பக்கம் சொன்னீர்கள், ஐம்பது யார் சொன்னீர்கள். இரண்டு விரலை மட்டும் சொல்லவில்லை. கோடு போட்டு எழுதியதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

வெட்டெல்லாம் ஒரே இடத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சங்கிலி தளர்வாக இருந்தால் வண்டி ஓடும்போது அது டயரைச் சுற்றி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரே இடத்தில் தின்னாது. இறுக்கிக் கட்டினால் நகர வழியில்லை, கிடந்த இடத்தையே தின்னும். புத்தகத்தில் அப்படியே இருக்கிறது, பனிக்கும் சேற்றுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. இறுக்கினீர்களா இல்லையா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.

திருநாளுக்கு வந்தேன். நீங்கள் மெழுகுதிரி விற்கும் ஒரு மனிதரோடு கதைத்துக்கொண்டு நின்றீர்கள். அப்பா பக்கத்தில் இருந்தார்.

பிறிஜெற்


கொட்டாஞ்சேனை,
19 ஜூன் 1946

பிறிஜெற்,

ஓம்.

இறுக்கினேன். நானும் ஹியூபேட்டும் இரும்புக்கம்பி போட்டு முறுக்கி, கப்பல் சாமானைக் கட்டுகிற மாதிரி, ஒரு தாள் நுழையாதபடி இறுக்கினோம். நீர் எழுதிய கடிதம் சட்டைப்பையில்தான் இருந்தது. வாசித்துவிட்டுத்தான் இறுக்கினேன். ஒபிஸில் இருக்கிற பிள்ளைக்குச் சங்கிலியைப் பற்றி என்ன தெரியும் என்று ஹியூபேட் சொன்னான், நானும் தலையாட்டினேன். நான்தான் பிழை. உம்மைப் பிழை சொல்லி எழுதினேனே, அதுதான் நாலு நாளாக நெஞ்சை அரிக்கிறது.

ஏன் இறுக்கினேன் என்று கேட்டால் சொல்கிறேன். நீர் கண்ட அந்த மெழுகுதிரிக்காரர் சுடலைமுத்து அண்ணன். நாற்பத்தொன்றில் நாங்கள் இருவரும் ஒரே குழு. ஒருநாள் அரிசி மூட்டை தூக்கும்போது கட்டுச் சங்கிலி கொஞ்சம் தளர்ந்திருந்தது, கொஞ்சம்தான், உம்முடைய அந்த இரண்டு விரல் அளவு. பாரம் ஒரு குலுக்குக் குலுக்கிச் சரிந்தது. அவருடைய வலது கால் போய்விட்டது. அன்றைக்கு அந்தச் சங்கிலியை மாட்டியவன் நான் இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அதற்குப் பிறகு என் கையில் ஒரு சங்கிலியும் தளர்ந்து கிடந்ததில்லை. தளர்வைக் கண்டால் என் கை தானாகக் கம்பியைத் தேடும். இது யாருக்கும் சொன்னதில்லை. "அண்ணே, நான் இப்ப லோடர் ஓட்டுறன்" என்று அவரிடம் சொல்லத்தான் திருநாளன்று நின்றேன். "நல்லாயிருப்பே தம்பி" என்று ஒரு மெழுகுதிரி சும்மா தந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தை ஏன் விட்டேன் என்றால், உம்முடைய அப்பாவுக்காகத்தான். சங்கிலி மாட்டுகிறவன் என்று சொல்லி அவரைச் சிரிப்புக்கு இடமாக்கினேன். டிரைவர் என்றாவது ஆனால் அவர் நாலு பேரிடம் சொல்லலாமே என்று நினைத்தேன். எங்கே போனாலும் சங்கிலி என்னை விடவில்லை, பார்த்தீரா?

இன்னும் பதினொரு நாள். இறுக்கினால் டயர் போகிறது. தளர்த்த என் கை வரமாட்டேன் என்கிறது. சங்கிலி இல்லாமல் வண்டி படுத்துக் கிடக்கிறது. என்ன செய்யட்டும்?

கிளறன்ஸ்


வெள்ளவத்தை,
21 ஜூன் 1946

கிளறன்ஸ்,

உங்கள் கடிதத்தை ஒபிஸில் வாசித்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசை பஹ்மியா தலைவலியா என்று கேட்டுக் கொத்தமல்லித் தண்ணீர் தந்தாள். இதை முன்பே சொல்லியிருக்கலாமே. இரண்டு வருஷம் என்னோடு கதைத்தீர்கள், படம் பார்த்தோம், காலிமுகத்தில் கடலை வாங்கித் தின்றோம். ஒருநாளும் சொல்லவில்லை.

நீங்கள் பயப்படுவது சரி. பாரத்தைத் தூக்குகிற சங்கிலி தளரவே கூடாது. ஆனால் இந்தச் சங்கிலி ஒன்றையும் தூக்கவில்லை, கிளறன்ஸ். அது சக்கரத்தோடு உருளுகிறது. அறுந்தாலும் சேற்றில்தான் விழும், யாருடைய தலையிலும் இல்லை.

எனக்கும் புத்தகம் மட்டும் போதவில்லை. அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். இடது கையில் ஒரு தடித்த நூலை மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். வலது கையில் எப்போதும் போடும் காப்பு. நாள் முழுதும் இரண்டோடும் எழுதினேன், துணி தோய்த்தேன், தேங்காய் துருவினேன். இரவு பார்த்தால் நூல் கட்டிய இடம் சிவந்து தடித்து ஒரே கோடாக வெட்டியிருந்தது. காப்பு அங்கும் இங்கும் ஓடியது, ஓர் அடையாளமும் இல்லை. அம்மா கையைப் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன விசரா?" என்றா.

என்னை நம்பவேண்டாம். உங்கள் கண்ணை நம்புங்கள். இரண்டு விரல் விட்டுக் கட்டுங்கள். டயரில் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு நேரே சங்கிலியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். ஐம்பது யார் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். துணி கோட்டைவிட்டு நகர்ந்திருந்தால் நான் சொன்னது சரி. நகராவிட்டால் கழற்றி எறிந்துவிட்டு எனக்கு எழுதுங்கள், முதலாளியிடம் நானே வந்து கதைக்கிறேன். ஹியூபேட்டைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அப்போது உங்கள் கை கம்பியைத் தேடாது.

அந்த விருந்தில் நான் வாயே திறக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம், தெரியும். அப்பா பொய் சொன்னபோது எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. நீங்கள் உண்மையைச் சொன்னபோது பெருமையாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் என்ன சொல்வதென்று தெரியாமல் வட்டலப்பத்தை வெட்டிக்கொண்டு நின்றேன். மேசையில் சொல்லாததை இப்போது சொல்கிறேன்: சங்கிலி மாட்டுகிறவரைத்தான் நான் கட்ட விரும்பினேன். இன்ஜினியரை இல்லை.

சிவப்புத் துணி இத்துடன் வைத்திருக்கிறேன். என் பழைய ரிபன்தான்.

பிறிஜெற்


பேலியகொடை ஆற்றங்கரை,
28 ஜூன் 1946

என் அன்பான பிறிஜெற்,

லோடரில் இருந்துகொண்டே எழுதுகிறேன். தாளில் சேறு பட்டிருந்தால் மன்னியும்.

உம்முடைய கடிதம் வந்த மறுநாளே கட்டவில்லை. இரண்டு நாள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை ஹியூபேட்டை வேலிக்கு அப்பால் போய் நிற்கச் சொன்னேன். "என்னடா, குண்டா வெடிக்கப்போகுது?" என்றான். விரித்தேன், ஏற்றினேன், உள்பக்கம், வெளிப்பக்கம். இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். போனது. கை தானாகக் கம்பியை எடுத்தது, இன்னும் ஒரு முறுக்கு முறுக்க. கம்பியை ஆற்றில் வீசிவிட்டேன், ஹியூபேட்டின் தொப்பிக்குத் துணையாக இருக்கட்டும்.

வெள்ளைக் கோடு போட்டேன். உம்முடைய ரிபனைக் கட்டினேன். முன்னால் ஐம்பது யார் ஓட்டினேன், சங்கிலி சலசல என்று சத்தம் போட்டது, அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமில்லாத சத்தம். இறங்கிப் பார்த்தேன்.

ரிபன் கோட்டைவிட்டு நாலு விரல் தள்ளி நின்றது!

மறுபடி ஐம்பது யார். இன்னும் நாலு விரல். வாளி நிறைய அள்ளிக்கொண்டு சரிவில் ஏறினேன், ஏறியது. திரும்பினேன், வழுக்கவில்லை. பின்னேரம் வந்தபோது ரிபன் முழுச் சுற்றுச் சுற்றிப் பழைய கோட்டுக்கே வந்திருந்தது. டயரில் ஒரு கீறல் இல்லை. இன்றைக்கு ஐந்தாம் நாள், மழை ஊற்றுகிறது, வண்டி ஓடுகிறது. தினமும் காலையில் இரண்டு விரல் விட்டுப் பார்க்கிறேன், அதற்குமேல் தளர்ந்திருந்தால் ஒரு கண்ணி பிடிக்கிறேன், அவ்வளவுதான்.

முதலாளி காலையில் வந்தார். டயரைத் தடவிப் பார்த்தார். "இத யாரு ஒங்களுக்குச் சொல்லித் தந்த?" என்றார். வெள்ளவத்தையில் ஒரு மிஸ் என்றேன். "அந்த மிஸ்ஸ விட்டுடாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நிரந்தர நியமனக் கடிதத்தை நனையாமல் சட்டைக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார். இரண்டு நாள் முன்னதாகவே!

உம்முடைய அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அன்றைக்கு நடந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். சொன்னதற்காக இல்லை, சிரிக்க வைத்ததற்காக. ஞாயிறு வரட்டுமா, அடுத்த கிழமை வரட்டுமா? உம்முடைய சொற்படி செய்கிறேன்.

என்றும் உம்முடைய,
கிளறன்ஸ்


வெள்ளவத்தை,
30 ஜூன் 1946, ஞாயிறு

என் அன்புள்ள கிளறன்ஸ்,

வரவா என்று கேட்டீர்கள். அப்பாவே வந்துவிட்டுப் போயிருக்கிறார்!

நேற்றுக் காலை உங்கள் கடிதம் வந்தபோது அப்பாதான் தபாற்காரனிடம் வாங்கினார். உறையில் சேற்றுக் கைரேகை இருந்ததை உற்றுப் பார்த்தார். நான் நியமனத்தைப் பற்றி மட்டும் வாசித்துக் காட்டினேன். குடையை எடுத்துக்கொண்டு, "புறக்கோட்டைக்குப் போய் நல்ல மீன் ஒண்டு வாங்கியாறன்" என்று புறப்பட்டார். மூன்று மணிக்குத்தான் வந்தார். கையில் அறக்குளா மீன் இருந்தது. ஆனால் சப்பாத்தில் கணுக்கால்வரை சாம்பல் நிறச் சேறு. புறக்கோட்டையில் அந்தச் சேறு ஏது? அம்மா என்னைப் பார்த்தா, நான் அம்மாவைப் பார்த்தேன். இருவரும் மீனைப் பற்றியே கதைத்தோம். நேற்று வேலிக்கு அப்பால் குடையோடு ஒரு வயதானவர் நின்றதைக் கண்டீர்களா? காணாவிட்டாலும் பரவாயில்லை, கண்டதாகச் சொல்லவேண்டாம்.

இரவு சாப்பிடும்போது திடீரென்று கேட்டார்: "ஏன் பிள்ளை, அவன் சங்கிலிக்குள்ள ரெண்டு விரலை விட்டுப் பாக்கிறானே, அது என்னத்துக்கு?" சொன்னேன். காப்பைக் கழற்றிக் காட்டிச் சொன்னேன். இரண்டுமுறை கேட்டு விளங்கிக்கொண்டார்.

இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். அன்றைய விருந்துக்கு வந்த சுங்க இலாகாக் கூட்டாளி ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன சவுந்தரநாயகம், உங்கட இன்ஜினியர் மருமகன் எப்படி?" என்றார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "இன்ஜினியரோ? ஆர் சொன்னது?" என்றார், வாசலில் நின்ற சனமெல்லாம் கேட்கத்தக்கதாக. "என்ட மருமகன் சங்கிலி மாட்டுறவர். லோடர் டயருக்குச் சங்கிலி மாட்டத் தெரிஞ்ச ஆக்கள் கொழும்பிலேயே ரெண்டு பேர்தான். மற்றது என்ட மகள்."

பிறகு அந்த மனிதரை அங்கேயே நிற்கவிட்டு, சுவாமியாரைத் தேடி உள்ளே போனார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்து, "எழும்பு பிள்ளை, சேலை அழுக்காகுது" என்றார்.

அடுத்த ஞாயிறு ஏழாம் தேதி, ஏழரைப் பூசையில் மூன்றாவது ஓலை. கொட்டாஞ்சேனையிலும் அதே நாள் வாசிக்கும்படி உங்கள் சுவாமியாருக்கு எழுதியாயிற்று. நீங்கள் அங்கே கேட்கவேண்டாம், இங்கே வந்து கேளுங்கள். என் பக்கத்தில் அப்பா இருப்பார், அவருக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் பிடித்து வைப்பாராம். மத்தியானம் சாப்பாடு இங்கேதான், அதே மேசை, அதே ஆறு பேர். வட்டலப்பம் நான் செய்கிறேன். இந்தமுறை சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்பவேண்டும்.

ரிபனைக் கழற்றவேண்டாம், அது அங்கேயே ஓடட்டும்.

உங்கள்,
பிறிஜெற்